அக்கா, உன் படத்துக்குக் கீழே எழுதியிருப்பது பொய்

என் பிரியமான ரோஸ்லின் அக்கா,

கொடைக்கானல் எழுந்துவிட்டது. நீ இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பாய். மேல்மலைப் பூண்டியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் ஊருக்குள் வண்டியை நிறுத்திப் பார்க்கிறேன். எரிந்த சரிவில் புல் தலைகாட்டியிருக்கிறது. மரங்கள்தான் இன்னும் கரிக்கட்டையாக நிற்கின்றன. ஏரிக்கரையில் மறுபடியும் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள்.

"வத்தலக்குண்டு வெயில்ல வெந்தவனே, ஒனக்கு எதுக்குடா எங்க ஊரு?" என்று கேலி செய்வாய். நீ கல்யாணமாகிச் செண்பகனூர் போனதிலிருந்து கொடைக்கானல் எனக்கும் ஊர்தான். காடு எரிந்த நாட்களில் அந்த ஊரைப் பார்த்தேன். காய்கறிக் கடைக்காரர்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தண்ணீர் தூக்கினார்கள். பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்தவர்களுக்குக் கோவிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் சோறு வெந்தது. இப்படி ஒரு ஊரை எப்படி வெறுப்பது? வெறுக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ வேலை பார்த்த விடுதியும் திறந்தாயிற்று. புதுப் பெயின்ட். வரவேற்பறையில் மாலை போட்டு உன் படம். கீழே ஒரு வரி: 'விருந்தினர்களைக் காக்கத் தன் உயிரைத் தந்தவர்.'

எந்த விருந்தினர், அக்கா? அன்று மதியத்துக்குள் எல்லாரையும் ஜீப்பில் ஏற்றி அனுப்பியாயிற்று. நீயும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டாய். அங்கிருந்துதான் மச்சானுக்குப் போன் போட்டாய். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து மேனேஜர் குரல்: "ரோஸ்லின், பெட்ஷீட்டெல்லாம் கொடியிலயே கெடக்கு. சாம்பல் பட்டாப் போச்சு. வெரசா போயி எடுத்துட்டு வந்துரு."

"இந்தா வந்துர்றேங்க," என்றாயாம். அப்புறம் மச்சானிடம், "வச்சுர்றேன், ஒரு சோலி கெடக்கு."

விடுதிக்குப் பின்னால் இருந்த யூகலிப்டஸ் தோப்பு அப்போதுதான் பற்றியது. புகைக்குள்ளிருந்து உன்னைத் தூக்கியபோது துணிகள் உன் கையிடுக்கிலேயே இருந்தன. யாரையும் காப்பாற்றி நீ சாகவில்லை. படுக்கை விரிப்புக்காகச் செத்தாய்.

நீயாகத்தான் போனாய் என்கிறார் மேனேஜர். அவர் குரலைக் கேட்டது மச்சான் ஒருவர்தான். அவரோ போலீசில், சிக்னல் இல்லை, எதுவும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமே அதே விடுதியில் வாட்ச்மேன் வேலை, தங்க ஒரு அறை. என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதார். "பாப்பாவ வச்சுக்கிட்டு எங்க போவேன் மாப்ள?"

திறப்பு விழாவில் மெழுகுவர்த்தி ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். மைக் கைக்கு வந்ததும் சொன்னேன்: "எங்கக்கா யாரையும் காப்பாத்தப் போகல. பெட்ஷீட் எடுக்கப் போச்சு. போகச் சொன்னாங்க, போச்சு." அதற்குக் கைதட்டினார்கள், அக்கா! கடமை உணர்ச்சியாம். மறுநாள் அந்த வரியையும் மாற்றிவிட்டார்கள்: 'கடமைக்காகத் தன் உயிரைத் தந்தவர்.'

வெளியே டீக்கடை அண்ணன் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "தம்பி, ஊரு இப்பத்தான் எந்திரிச்சு ஒக்காந்திருக்கு. சீசன் நேரத்துல இதக் கெளறாதீங்க. நாலு வண்டி மேல வந்தாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்." கெட்டவர் இல்லை. உன் அடக்கத்தன்று வந்த அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தவர். ஆனால் உன் சாவைப் பற்றிப் பொய் சொன்னால்தான் இந்த ஊர் பிழைக்குமா?

போன வாரம் மச்சானைப் பார்க்கப் போனேன். பின்பக்கம் கொடியில் ஒரு பெண் விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். உன் இடத்துக்கு வந்திருப்பவள். இருபது வயதுகூட இருக்காது.

"தீ கீ வந்தா என்ன பண்ணுவம்மா?" என்று கேட்டேன்.

"மொதல்ல துணிய எடுக்கணும்ணே."

"யாரு சொன்னது?"

"மேனேஜர் சாருதான். சேந்த அன்னைக்கே அந்தக்கா போட்டோவக் காட்டி, இவங்கள மாதிரி இருக்கணும்னு சொன்னாரு."

"துணி எரிஞ்சா எரியட்டும். நீ ஓடிரு," என்றேன். சார் திட்டுவாரே என்பதுபோல விழித்தாள். பக்கத்தில் நின்ற மச்சான், "இந்தப் பிள்ளைக்குமா?" என்று மட்டும் சொன்னார்.

நேற்று அவரிடமிருந்து போன். "மாப்ள, திங்கக்கெழம காலைல வெள்ளனே வண்டி காலியா இருக்குமா? ஸ்டேஷனுக்குப் போவோம். காதுல விழுந்தத எழுதிக் குடுத்துர்றேன்."

"வேலை போயிருமே மச்சான்."

"போகட்டும். ஒன் வீட்ல எனக்கும் பாப்பாவுக்கும் எடம் இல்லாமயா போயிரும்?"

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவரைத்தான் குடைவார்கள். கடைசியில் ஒன்றுமே நடக்காமலும் போகலாம். மேனேஜருக்குத் தண்டனை கிடைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, அக்கா. என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்த கையோடு விடுதிக்குப் போவேன். அந்தச் சுவரிலிருந்து உன் படத்தை நானே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன். உன்னைக் காட்டி இன்னொரு பிள்ளையைத் தீக்குள் அனுப்ப விடமாட்டேன்.

அன்று 'போகாதே' என்று சொல்லப் பக்கத்தில் இல்லாத,
உன் தம்பி
அந்தோணி