எட்டு மணி நேரத்தில் இரண்டு மாத்திரை

நாள் 414, 07:40
பழைய மாத்திரையின் வேகம் உடலில் அடங்கும் முன்பே, புதியதை முழு அளவில் என் கணவருக்கு எழுதியிருக்கிறார்கள். இது தவறு. இதை யார் படித்தாலும் முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

இடம்: நிலவின் தென்முனை, பனிச் சுரங்கம். ஆட்கள் இரண்டே பேர். பம்பு பார்ப்பவள் நான், பூரணம், 64. தொட்டி பார்ப்பவர் தவசிமுத்து, 69. புராஸ்டேட் வீக்கத்தால் அவருக்குச் சிறுநீர் தடைபடும். மூன்று ஆண்டுகளாக ஒரே மாத்திரை. இம்முறை கப்பலில் வேறொன்று வந்தது. இரண்டுமே ஆல்பா தடுப்பான்கள். ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியவை. உடன் வந்த தாளை மூன்று முறை படித்தேன்.

08:05
இங்கே மணியைப் பார்த்து நாள் எண்ணுவதில்லை; வெட்டிய பனி ஒரு சுமை கிளம்பினாலே அடுத்த தேதி போட்டுவிடுவோம். அந்த வழக்கத்தைத் தொடங்கியவள் நான். மருந்துப்பெட்டியும் அதே தேதியைத்தான் பார்க்கிறது. 413இல் பழையதை விழுங்கினார். எட்டு மணி நேரத்தில் 414 ஆனது. பெட்டி புதியதை நீட்டிவிட்டது.

பூமிக்குச் சொன்னேன். பணி அதிகாரி கதிரேசனின் பதில்: "அம்மா, பெட்டி சரியாத்தான் காட்டுது. எட்டாவது படிச்சிட்டு டாக்டருக்கே பாடம் எடுக்காதீங்க."

நான்: "எட்டாவது படிச்சவளுக்கு மணி எண்ணத் தெரியும் தம்பி. டாக்டரக் கூப்பிடு."

மேலும் மூன்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

08:50
வெளியே தொட்டியிலிருந்து, ரேடியோவில் என் கணவர் குரல்: "ஏளா, சண்டைய விடு. நான் அப்பவே முழுங்கிட்டேன். அந்தப் பய பாவம்."

"எங்க நிக்கீங்க?"

"ஏணி உச்சியில. வால்வு இறுகிக் கெடக்கு."

"இறங்காதீங்க. கம்பியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காருங்க."

"ஒனக்குப் பயந்தே ஒக்காருதேன்... கண்ணு இருட்டுதுளா."

09:35
பதினைந்து மீட்டர் விழுந்திருக்கிறார். இங்கே மெல்லத்தான் விழுவோம் என்று சிரிப்பார். அவர் விண்வெளி உடையின் காற்றுக் குழாய் ஏணியில் மாட்டிப் பிய்ந்திருந்தது. நான் உடை மாட்டி வெளியே போகப் பத்தொன்பது நிமிடம். அவருக்கு அவ்வளவு இல்லை.

நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். சண்டை போட்டேன்.

10:10
பூமியிலிருந்து: "தவசிமுத்து புது மாத்திரை எடுத்துக்கொண்டாரா? உறுதி செய்யவும்."

10:30
இனி அவரவர் செய்ய வேண்டியவை.

மருத்துவ அலுவலகம்: மாத்திரையை மாற்றும்போது கடைசியாக விழுங்கிய நேரத்தைக் கேளுங்கள். தேதியை நம்பாதீர்கள். எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று மருத்துவர் தன் கையால் எழுதட்டும். மிகக் குறைந்த அளவில், படுக்கப் போகும்போது தொடங்குங்கள். உட்கார வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தம் பாருங்கள். அந்த நாட்களில் ஏணி ஏறக் கூடாது.

கதிரேசன்: என் ஐந்து செய்திகளையும் எல்லோர் முன்பும் உரக்கப் படிக்க வேண்டும்.

வரும் கப்பல்: இரண்டு பேருக்கு இடம் வைத்து வரவும். ஒருவர் படுத்தபடி.

பூரணம்: எழுதுவதை நிறுத்த வேண்டும். உடல் விறைப்பதற்குள் அவர் கைகளை நெஞ்சில் மடித்து வைக்க வேண்டும். நிறுத்த