எட்டாம் வரிசைக்குப் பின்னால்

ஓல்டன்பி,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள க்லென்னுக்கு,

நெவில் எழுதுகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரி மார்கியும் சுகம். அங்கே அபர்டீனில் நீயும் உன் மகள் லோர்னாவும் குளிரைச் சமாளித்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்று ஒரு சத்தம்தான் வருகிறது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உன் நாய். நீ விட்டுப் போன நாளிலிருந்து மார்கியின் சோபாவைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டது போல அதிலேயே கிடக்கிறது. மேட்ச் அன்று நான் மப்ளரைச் சுற்றினால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய் உன்னைத் தேடுகிறது. நேற்றும் தோற்றோம். கடைசி நிமிடத்தில், நம் கோல்கீப்பரின் தயவில். அதைப் பற்றி எழுதினால் உனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

கால் எடுத்த காயம் ஆறிவிட்டதாக லோர்னா சொன்னாள். செயற்கைக் கால் உனக்குச் சரிப்படாது என்று டாக்டர் கைவிரித்ததையும் சொன்னாள். இல்லாத பாதம் அரிக்கிறது என்று நாள் முழுக்கத் திட்டுகிறாயாமே. நீ திட்டுகிறாய் என்று கேட்டபோது எனக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் மைதானத்துக்கான உன் சீசன் டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாயாம். "நின்னு பாக்கணும்னு ஊரையே கூட்டுனவன் இப்போ சக்கர நாற்காலியில போய் இறங்குனா சிரிக்க மாட்டானுங்களா?" என்று கேட்டாயாம். டிக்கெட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

நாம் கேட்டது கிடைத்துவிடும் போலிருக்கிறது, க்லென். மைதானத்தில் கால்வாய்ப் பக்கத்து சீட்டுகளைப் பெயர்த்துவிட்டு, வரிசைக்கு வரிசை இடுப்பளவு கம்பி போட்டு, ஆளுக்கு ஓர் இடம் என்று நின்று பார்க்க விட கிளப் சம்மதித்துவிட்டது. ரசிகர் சங்கம் ஓட்டுப் போட்டுச் சரி என்றால் கோடையில் வேலை ஆரம்பம். மழையில் பேனர் பிடித்தது, "உட்காருங்க சார்" என்று சொன்ன காவலாளியோடு மல்லுக்கு நின்று நீ வெளியே தள்ளப்பட்டது, எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் நின்று பார்த்த கூட்டம் நெரிந்து அத்தனை பேர் செத்த பிறகு, நாடு முழுக்க மைதானங்களில் நிற்கும் இடங்களை மூடி சீட் போட்டது தப்பு என்று நாம் ஒருநாளும் சொல்லவில்லை. சீட் போட்ட பிறகும் எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் பார்க்கிறார்கள், கோல் விழுந்தால் முன் சீட்டின் மேல் குப்புற விழுகிறார்கள், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியாவது போடுங்கள் என்றுதான் கேட்டோம். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்ததை நீ பப்பில் பேன்ட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டியதை யாரும் மறக்கவில்லை.

கிளப்புக்கு நாம் கொடுத்த வரைபடம் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் சமையலறை மேஜையில் நாம் இருவரும் போட்டதுதான். சக்கர நாற்காலிக்காரர்களின் மேடை எட்டாம் வரிசைக்குப் பின்னால், இப்போது இருக்கும் இடத்திலேயே. நீதான் பென்சிலால் கட்டம் போட்டு, "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாய். நானும் தலையாட்டினேன். உனக்குக் கால் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கட்டத்தை நான் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன்.

போன வாரம் போலினுக்குத் துணையாக வரும் தங்கை ஊரில் இல்லை. தங்கை உட்காரும் நாற்காலியில் நான் வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன். உனக்குப் போலினைத் தெரியும், மேடையில் சிவப்புக் கம்பளியோடு இருப்பாளே, அவள்தான். ஆட்டம் தொடங்கியதும் முன்னால் எல்லோரும் எழுந்தார்கள். அவ்வளவுதான். கொடிக்கம்பமும் கொஞ்சம் வானமும் தெரிந்தது. நம் ஆள் கோல் போட்டது எனக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. போலின் டீயைக் குடித்துக்கொண்டே, "உங்க கோஷ்டியோட பின்பக்கம் எனக்கு அத்துப்படி. உன் பழுப்பு பேன்ட்டுல தையல் விட்டிருக்கு, வீட்டுல யாரும் சொல்லலையா?" என்றாள்.

கம்பி வந்தால் எல்லாம் ஒழுங்காகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "இப்போ உக்காருங்கடான்னு கத்தவாவது எனக்கு உரிமை இருக்கு. நாளைக்கு நிக்கறது அவங்க உரிமை ஆயிடும். நான் யாரைப் பாத்துக் கத்துவேன்? இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள். பாதி ஆட்டத்துக்குப் பிறகு நான் ஆட்டத்தைக் கவனிக்கவே இல்லை. நீ அங்கே உட்கார்ந்து முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கண் முன்னால் வந்தது.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம். மேடையை உயர்த்தாமல் ஓட்டு வேண்டாம் என்று எழுந்து சொன்னேன். ஒரே கூச்சல். நம் முரசு அடிக்கிற கானர் முகம் சிவந்துபோனான். "பெருசு, இதுக்குத்தானே இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துனீங்க? மேடைய மாத்துனா ஒரு சீசன் தள்ளிப் போயிடும். கெடைக்கிற நேரத்துல நீங்களே கல்லத் தூக்கிப் போடலாமா?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சீசன் போனால் கிளப் மனம் மாறிவிடலாம். பின்னாலிருந்து வேறொருவன், "யாருக்காக இதெல்லாம்? க்லென்தான் இனிமே வரவே மாட்டேன்னுட்டாராமே" என்றான்.

அதோடு நான் உட்கார்ந்துவிட்டேன். போலின்தான் கதவோரத்திலிருந்து, "எனக்காகன்னு வச்சுக்கப்பா. நான் வந்துக்கிட்டுதானே இருக்கேன்!" என்றாள்.

ஓட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கிளப்பின் இன்ஜினியர் நல்ல மனிதர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மேட்சில் தற்காலிகமாகப் பலகை அடித்து மேடையை உயர்த்திக் காட்டுகிறேன், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் உட்கார்ந்து பார்த்துத் தெரிகிறது என்றால் கோடைக்குள்ளேயே இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்கிறார். போலின் குள்ளம். உயரமானவர் ஒருவரும் வேண்டுமாம். இந்த ஊரில் நின்று பார்ப்பதைப் பற்றியும் தெரிந்து, உட்கார்ந்து பார்க்கவும் வேண்டிய உயரமான ஆள் யார் என்று கேட்டார். நான் உன் பேரைக் கொடுத்துவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை.

சிரிப்பார்கள் என்றாய். சிரிக்கட்டும். கானர் கூட்டம் முடிந்து என்னிடம் வந்து, "அவரு வந்து தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா, நானே முதல் ஓட்டுப் போடுறேன்" என்றான். உன் வார்த்தைக்கு இன்னும் இங்கே அந்த மரியாதை இருக்கிறது.

லோர்னாவிடம் பேசிவிட்டேன், ரயிலில் அழைத்து வருகிறேன் என்றாள். கீழ் அறையை மார்கி உனக்காக ஒழித்து வைத்திருக்கிறாள். நாயைச் சோபாவிலிருந்து இறக்குவது உன் பொறுப்பு.

நீ இல்லாமல் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கம்பி வந்தாலும் அந்த இடத்தில் போய் நிற்பேனா என்று தெரியவில்லை. போலினின் தங்கை திரும்பி வந்துவிட்டாள், ஆனாலும் நேற்று நான் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுபோய் மேடையில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். காவலாளி வந்து, இங்கே உட்காரக் கூடாது, எழுந்திருங்கள் என்றான். வாழ்நாளில் முதல் தடவையாக என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். வந்துவிடு, க்லென்.

என்றும் உன்,
நெவில்