அறுபது நிமிடக் கேசட்

ஆனி 9, திங்கள்

விடியும்போதே காற்று. கடை ஷட்டரைத் தூக்கினால் உள்ளே ஒரு முறம் மணல். ஜெராக்ஸ் மெஷினுக்கு உறை போட மறந்தது இவர்தான். கேட்டால் நானாம்.

இன்று பெரிய விசேஷம். எங்கள் ஊர் பாண்டு 'நாலாம் கேட்'டின் ஆல்பம் வந்துவிட்டது! இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அந்த நாலு பேரும் மறுபடி சேர்ந்து பாடியிருக்கிறார்கள். பெயர் 'சிக்னல்'. எட்டுப் பாட்டு புதுசு. ஒன்பதாவது, அவர்களுடைய பழைய 'உப்பு லாரி', திரும்பப் பாடியது. ஆறு மணிக்குப் போனில் வந்தது. பல்கூட விளக்காமல் கேட்டேன்.

எட்டும் அருமை. கிட்டாருக்கு இன்னும் அதே கோபம். 'உப்பு லாரி' மட்டும் என்னவோ போல. காய்ச்சல்காரர் எழுந்து வந்து பாடின மாதிரி.

வாங்க: ஏ4 ஒரு பண்டில், லேமினேஷன் கவர், மாமியாருக்கு ஆத்தூர் வெற்றிலை.

ஆனி 10, செவ்வாய்

'கேட் வெறியர்கள்' வாட்ஸ்அப் குழு தூங்கவே இல்லை. எல்லாம் ஐம்பதைத் தொட்ட ஆட்கள், பாதிப் பேர் படத்தில் பேரப்பிள்ளை. பேச்சு மட்டும் காலேஜ் பையன்கள்.

"புதுப் பாட்டெல்லாம் தீயா இருக்குலே."

"உப்பு லாரி கேக்க முடியலைல. அண்ணனுக்குத் தொண்டை இறங்கிட்டு."

"லாரி பஞ்சரு." இதற்குப் பதினைந்து பேர் சிரிப்பு.

"வயசாயிட்டுல்லா, என்ன செய்ய."

ஒருவர் பழைய பதிவை யூடியூப்பிலிருந்து எடுத்துப் போட்டார். "இதுல்லாலே குரலு!" கீழேயே இன்னொருவர்: "செல்வி அக்கா பதிஞ்சு தந்த கேசட்டு. அக்காவுக்குக் கோயில் கட்டணும்." நானும் கூச்சமில்லாமல் ஒரு கும்பிடு போட்டேன்.

உண்மைதான். அப்போது எங்கள் கடை கேசட் பதிகிற கடை. பாண்டுக்காரர்கள் மதுரையில் பாடி ஒரே ஒரு டேப் கொண்டுவந்தார்கள். ஊரில் சுற்றின அத்தனை பிரதியும் நான் உட்கார்ந்து பதிந்தது. மூல டேப் பிறகு பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. இன்று யார் போனில் இருப்பதும் என் கேசட்டிலிருந்து போனதுதான்.

சனி மாலை வெளியீட்டு விழா. எனக்குப் பொன்னாடையாம். பச்சையா, மெரூனா? இவர், "எதக் கட்டினாலும் மேல துண்டப் போட்டு மூடிருவான், ஏளா" என்கிறார். கொழுப்பு.

ஆனி 11, புதன்

கரண்ட் இரண்டு தடவை போயிற்று. மதியம் கிளாட்வின் அண்ணன் (இனி கி.) வந்தார். பாண்டின் பாடகர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆதார் ஜெராக்ஸ். வந்தால் கவுண்டரில் தாளம் போடாமல் இருக்க மாட்டார். இன்று கை இரண்டும் பைக்குள்.

"ஏளா செல்வி, சனிக்கெழம நான் பாடலை. பயலுவகிட்ட சொல்லிட்டேன்."

"என்னண்ணே சொல்லுதிய?"

"குரூப்ல போட்டத எல்லாம் பாத்தேன். பழைய கேசட்டையும் கேட்டேன். அவனுவ சொல்லுதது சரிதான். அந்தக் குரல் இப்பம் எங்கிட்ட இல்ல. முப்பது வருசம் நிலக்கரித் தூசி தின்னுருக்கேன்லா."

"அப்படில்லாம் இல்லண்ணே."

"நம்ம கிட்டாரு தேவராஜும் சொல்லுதான். அந்தக் கேசட்டோட கிட்டாரு ஒத்து வரமாட்டேங்காம். அப்பம் கம்பிய ஏத்திக் கட்டி வாசிச்சிருப்போம் போலங்கான். நான் மூடிட்டு இருக்கதுதான் மரியாதை."

ஆதாரில் முன்பக்கம் மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவரும் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

கேசட்டின் பி பக்கம் முப்பது நிமிடம்தான். பாட்டுகள் முப்பத்தொன்றரை. கடைசிப் பாட்டு 'உப்பு லாரி' முடியுமுன் டக்கென்று அறுந்துவிடும். தொண்ணூறு நிமிடக் கேசட்டை யாரும் வாங்கவில்லை, நாடா மெலிசு, சிக்கிக்கொள்ளும். பாட்டை வெட்ட எனக்கு மனசில்லை. மூல டேப் ஓடுகிற மெஷினின் பின்னால் மோட்டாரில் ஒரு ஸ்க்ரூ. அதைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருகினேன். டேப் கொஞ்சம் வேகமாக ஓடியது. பாட்டு முழுசாக அடங்கிவிட்டது. சமர்த்து என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

வேகம் கூடினால் குரலும் ஏறும் என்று அப்போது யோசிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. இவரிடம்கூட.

ஆனி 12, வியாழன்

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக்கினேன்.

போனில் பாட்டின் வேகத்தைக் குறைக்க ஒரு ஆப் இருக்கிறது, சுருதியும் சேர்ந்தே இறங்கும். பழைய 'உப்பு லாரி'யை 0.95-இல் வைத்தேன். இவர் போனில் புதுசு. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன்.

அதே குரல். மயிரிழை வித்தியாசம் இல்லை. கி. அண்ணனுக்குத் தொண்டை இறங்கவே இல்லை. அந்த மனிதர் அன்றைக்கும் இப்படித்தான் பாடியிருக்கிறார். கேட்டுக்கொண்டே அழுதேன். கடையில் ஹால் டிக்கெட் எடுக்க வந்த பெண், "ஆன்ட்டி, அப்புறம் வரட்டா?" என்றது.

இவரிடம் சொன்னேன். "கள்ளி!" என்றார். பிறகு, "பொன்னாட போச்சேன்னு யோசிக்கியா?"

ஆமாம். யோசித்தேன். பொய் எழுத முடியாது.

"குழுவுல அப்புறம் சொல்லு. மொதல்ல அவர்கிட்ட போ."

ஆனி 13, வெள்ளி

விளக்கு வைத்துவிட்டு கி. வீட்டுக்கு. இவர் பைக்கில் கொண்டுவிட்டார். ஆதாரின் பின்பக்கத்தைக் கையோடு எடுத்துப்போனேன், வெறுங்கையாக எப்படிப் போவது.

ஸ்க்ரூ கதையைச் சொல்லி, இரண்டு போனையும் மேஜையில் வைத்து ஓட்டினேன். மூன்று தடவை கேட்டார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு" என்றார். "எவனோ ஒருத்தன் என்னைவிட நல்லாப் பாடிட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்."

"மன்னிச்சிருங்கண்ணே."

"பாட்ட வெட்ட மனசில்லாமத்தான திருகின?" அவ்வளவுதான் கேட்டார். அவர் விரல் மேஜையில் தாளம் போட ஆரம்பித்திருந்தது. நாளைக்கு வருவாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து குழுவில் என் குரலிலேயே எல்லாவற்றையும் சொல்லிப் போட்டேன். பதில்கள் மழையாய்க் கொட்டின.

"அக்கா, நீங்களா!"

"எங்க அண்ணன் கல்யாணத்துல அந்தச் சுருதியில பாடி எனக்குத் தொண்ட கிழிஞ்சுது. அக்கா பதில் சொல்லணும்."

"ஸ்க்ரூவுக்குப் பொன்னாட போடுவோம்."

"யாரு என்ன சொன்னாலும் எனக்கு வேகமா ஓடுததுதான் உப்பு லாரி."

பஞ்சர் என்று எழுதினவர் அதை அழித்துவிட்டார்.

ஆனி 14, சனி

மெரூன். மண்டபத்தில் மின்விசிறி பாதி ஓடவில்லை. ஒரே வேர்வை.

கி. வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. புதுப் பாட்டு எட்டும் பாடினார். எனக்குப் பொன்னாடை உண்டு என்று கூப்பிட்டார்கள். போனேன், வேறென்ன செய்ய. முன்வரிசையில் ஒருத்தன் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக் காட்டினான். மண்டபமே சிரித்தது. நானும்தான்.

கடைசியாக 'உப்பு லாரி'. "இது என் சுருதி" என்று சொல்லி நிதானமாக முழுசும் பாடினார். கைதட்டல் நிற்கவில்லை. கையைக் காட்டி அமர்த்திவிட்டு, "இனி உங்க சுருதி. செல்வி போட்ட சுருதி" என்றார். தேவராஜ் கம்பியை ஏற்றிக் கட்டினார்.

இந்தச் சுருதியில் அவர் பாடுவது இதுதான் முதல் தடவை. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். லாரி மேடேறுகிற வரியில் குரல் உடைந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. மீதியை நாங்கள் எல்லோரும் பாடினோம்.