கருப்பம்மாள் போட்ட கையெழுத்து

அன்புள்ள சில்வஸ்டருக்கு,

வணக்கம். போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நீ சென்னைக்கு மாற்றலாகி ஏழு மாதம் ஆகிறது. சொல்லிக்கொள்ளாமல் போனதை நான் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. பள்ளத்துப் பக்கத் தேயிலை கருகிக் கிடக்கிறது. என் மனைவி ஐவிக்கு மறுபடியும் மூச்சிரைப்பு. எனக்குப் பள்ளியில் இன்னும் தற்காலிக வேலைதான், ஜூனில் புதுப்பித்தால் உண்டு. பி.எட். படித்தபோது உனக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தவன் நான் என்பதை உன் ஆபீஸில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய்.

கருப்பம்மாளை நினைவிருக்கிறதா? நம் எழுத்தறிவு மையத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, கொழுந்துக் கறை படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துத் துடைத்து எழுதுவாரே, அவர்தான். எதற்காகப் படிக்க வருகிறீர்கள் என்று முதல் நாள் எல்லோரையும் கேட்டேன். "கைநாட்டு வெக்கற தாளுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சாப் போதுங்க சார். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார்.

அதனால்தான் எஸ்டேட் தாள்களிலிருந்தே தொடங்கினேன். லீவு விண்ணப்பம், கொழுந்து எடைச் சீட்டு, ஆபீஸ் பலகையில் ஒட்டும் அறிவிப்பு. ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனால் மூன்று மாதத்தில் 'சம்மதம்' என்ற சொல் எங்கே ஒளிந்திருந்தாலும் விரல் வைத்துக் காட்டினார்கள்.

நீ ஒருங்கிணைப்பாளராக வந்தது அப்போதுதான். "சார் தனியா ஒரு யுனிவர்சிட்டி நடத்தறாருங்க" என்று மற்ற ஆசிரியர்கள் முன்னால் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். வாரம் ஒரு பாடம், வாரம் ஒரு போட்டோ, மார்ச்சில் தேர்வு, கேள்விகள் அரசுப் புத்தகத்திலிருந்து மட்டும் என்றாய். உனக்கு மேலே இருப்பவர்கள் உன்னிடம் சொன்னது அது. எல்லா ஊருக்கும் ஓர் அளவு வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. பாதி நேரம் புத்தகம், பாதி நேரம் அவர்களுடைய தாள் என்று ஓட்டிப் பார்த்தேன். கொழுந்து அதிகமான மாதங்களில் அவர்கள் ஆறு மணிக்கு மேல்தான் வந்து சேர்ந்தார்கள். பாதி நேரமே மிஞ்சியது. அது புத்தகத்துக்குப் போயிற்று.

தேர்வு அன்று நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இருபதும் பாஸாகோணும். இல்லீன்னா அடுத்த வருசம் மையம் இல்ல, பாத்துக்க." சொல்லிவிட்டு டீ குடிக்க வெளியே போனாய். கருப்பம்மாள் தன் பெயரை மட்டும் எழுதினார். புத்தகத்தில் முதல் பாடம் அதுதான். மீதியை நான் எழுதினேன், எழுத்து கோணலாக இருக்கட்டும் என்று இடது கையால். இருபது பேருக்கும். "இது தப்பில்லீங்களா சார்?" என்று கேட்டார். மிச்சத்தை அடுத்த வருடம் படித்துக்கொள்ளலாம் என்றேன்.

இருபது பேரும் பாஸ். எழுதப் படிக்கத் தெரியாதவர் யாரும் இல்லை என்பதால் மையத்தை மூடிவிட்டார்கள். நீ அனுப்பிய பட்டியலை எஸ்டேட் ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கைநாட்டு வைப்பவருக்குத் தாளை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டியதற்குச் சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கு அது கிடையாது. போன மாதம் ஆபீஸில் நீட்டிய ஒரு தாளுக்குக் கருப்பம்மாள் மைப்பெட்டியைக் கேட்டபோது கிளார்க் மனோகரன், "நீங்கதான் பாஸ் பண்ணிட்டீங்களே அம்மா, பலகையில பேரு இருக்குது. இன்னும் என்னத்துக்கு மை?" என்றிருக்கிறான். வரிசையில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன், ஜனவரி கடைசியில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்கிறேன் என்று அந்தத் தாளில் இருந்தது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் மகள் சசிரேகா நர்சிங் முடித்துவிடுவாள் என்று இருந்தார். படிக்கத் தெரியாது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்குத்தானுங்க சார் கெட்ட பேரு" என்றார்.

தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அதிகாரி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவருக்குப் படிக்க வராது என்று எழுத்தறிவுத் திட்டத்தைச் சேர்ந்த யாராவது எழுதிக் கொடுத்தால்தான் விசாரிக்க முடியும் என்றார். கருப்பம்மாள் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

எழுதக்கூடியவர்கள் இரண்டே பேர். நான் எழுதினால் ஜூனில் வேலை இருக்காது, ஐவியை யார் பார்ப்பது? உனக்கு நிரந்தர வேலை. அதிகம் போனால் ஒரு மெமோ வரும். ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு, சில்வஸ்டர். ஜனவரிக்கு முன்னால். நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

உன் மகள் எல்சாவுக்குப் பரீட்சை நல்லபடியாக நடக்கட்டும். எல்லோரும் நலமாக இருங்கள்.

கீழே பெயர் போட இடம் விட்டிருந்தேன். போடப் போவதில்லை. இப்படியே நாளை காலை குன்னூரில் தபாலில் சேர்த்துவிடுவேன். என் எழுத்து உனக்குத் தெரியும். இதை வலது கையால்தான் எழுதியிருக்கிறேன்.