வராத சீட்டு

என் கண்ணு வசந்தா,

அன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: நீ, நான், உன் வீட்டுக்காரர், டாக்டரம்மா, உறையைக் கொண்டுவந்த நர்ஸ். உன்னைத் தவிர எல்லோரும் இருக்கிறோம்.

உன் நோய்க்கு இரண்டு வைத்தியம். எது மேல் என்று டாக்டர்களுக்கே தெரியாது; அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஆராய்ச்சி. ஒட்டிய உறைக்குள் ஒரு சீட்டு. மாத்திரை என்றிருந்தால் மாத்திரை, ஊசி என்றிருந்தால் ஊசி. "உயிரைச் சீட்டுப் போட்டா பார்ப்பாங்க?" என்றேன். நீ சிரித்தாய்.

"அம்பாள் சன்னிதியில பூக் கட்டிப் பார்ப்பீங்களே, அது மட்டும் என்னவாம்? டாக்டரம்மாவே பார்த்துக் கொடுத்தா, தெம்பா இருக்கறவங்களுக்கு ஒண்ணு, முடியாதவங்களுக்கு ஒண்ணுன்னு ஆயிடும். அப்புறம் பொழைச்சது மருந்தாலயா, தெம்பாலயான்னு எப்படித் தெரியும் அக்கா?"

ஊசி என்றால் நீ நடுங்குவாய். மாத்திரை வரட்டும் என்று அம்பாளை வேண்டினேன். வந்தது.

மளிகைக் கணக்கு எழுதி முடித்ததும், அகராதியை வைத்துக்கொண்டு, நீ காலேஜில் படித்த புள்ளியியல் புத்தகத்தைப் படிக்கிறேன். என் கஷாயத்தால்தான் ஜலதோஷம் போகிறது என்று நான் பெருமையடித்தபோது, "அப்போ கஷாயம் குடிக்காத எதிர்வீட்டுக்காரங்க இன்னும் மூக்கை உறிஞ்சிக்கிட்டா இருக்காங்க?" என்றாயே! அந்தக் கேள்விக்குத்தான் அத்தனை பக்கங்களும் என்று இப்போது புரிகிறது. சொல்லிச் சிரிக்கத்தான் சமையலறையில் ஆள் இல்லை.

நேற்று டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். ஊசி போட்டுக்கொண்டவர்களில்தான் அதிகம் பேர் பிழைத்திருக்கிறார்கள்.

"அப்போ வசந்தாவுக்கு ஊசின்னு வந்திருந்தா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டத்துக்குச் சொல்லலாம்மா. ஒருத்தருக்குச் சொல்ல முடியாது. அதுக்கு ஊசி போட்டுக்கிட்ட இன்னொரு வசந்தா வேணும்."

வீடு திரும்பும்போது பஸ்ஸில் மந்தைவெளியில் இறங்க மறந்துவிட்டேன். மயிலாப்பூர்க் குளத்தருகே இறங்கித் திரும்பி நடந்தேன். பூப் பொட்டலமென்றால் எடுக்காததையும் பிரித்துப் பார்த்துவிடலாம். உனக்கு வராத சீட்டை எங்கே போய்ப் பிரிப்பேன்? என் வேண்டுதல் பலித்ததால்தான் நீ போனாயா?

அடுத்த ஆராய்ச்சிக்கு வரும் பெண்கள் உறையைக் கண்டு பயப்படுகிறார்களாம். அவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று டாக்டரம்மா கேட்டார். போகிறேன், வசந்தா. நீ சொன்னதை உன்னைப் போலவே சிரித்துச் சொல்கிறேன். இந்தச் சீட்டுத்தான் வரவேண்டும் என்று மட்டும் இனி யாருக்காகவும் வேண்டமாட்டேன்.

அன்று உன்னைக் கேட்காமலே வேண்டிக்கொண்டேன். என்மேல் வருத்தமா? கனவிலாவது வந்து சொல். சீக்கிரம் பதில் போடு.

ஒரே அடுப்பில் உன்னோடு சமைத்த ஓரகத்தி,
மங்களம்