லேமினேஷன் போட்ட சீட்டு

எழுப்பினால் உங்களோடு பேச வேண்டியிருக்கும். அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. அத்தைக்குச் சுடவைத்துக் கொடுங்கள். பத்து மணிக்கு அவர் கால்வலியைப் பார்க்கத் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். கதவைத் திறக்கிற வேலையையாவது நீங்கள் செய்யுங்கள்.

நான் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். மார்புக் கட்டிக்கு ஸ்கேன் எடுக்க இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய நாள் நேற்றோடு போயிற்று. கவுன்ட்டர்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா இதுக்கு லேமினேஷன் போட்டது? பேனாவும் பிடிக்கல, சீலும் ஒட்டல. உன் நெத்தியிலயா எழுதறது?" என்றார். வரிசையே சிரித்தது. புதுச் சீட்டு போட்டு முதலிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

கேட்டால், "கசங்காம இருக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்று இளிக்கிறீர்கள். ஆபீஸ் இன்சூரன்ஸ் படிவத்தில் உங்கள் அம்மா பெயரை எழுதிவிட்டு, "உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கே" என்று என் பெயரை விட்டதும் இதே அக்கறையில்தானே?

வெளியே போனால் வீட்டுச் சாவியை வழக்கம்போல எதிர்வீட்டு அக்காவிடம் கொடுக்கத் தேடாதீர்கள். அவர் என்னோடு வருகிறார். புதுச் சீட்டில் 'உடன் வருபவர்' என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் எழுதப்போகிறேன்.

அடுப்பை அணைத்தேனா என்று பாருங்கள்.

பழைய சீட்டை இதற்கடியில் வைத்திருக்கிறேன். நான் இருந்தாலும் போனாலும் அது கசங்காது. நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.