மாசி மாதத்துப் பச்சை மரங்கள்

மச்சான்,

இன்று காலை சியாகுல்லியிலிருந்து ஒரு கூடை மந்தரீனோ தோடம்பழம் வந்தது. நான் இத்தாலியில் பாலெர்மோவுக்கு வந்த புதிதில் கூலிக்குப் பழம் பிடுங்கிய அதே தோட்டம். தோலைக் கிள்ளியதும் கை முழுக்க வாசம். வழக்கம்போல உனக்கு அனுப்ப அட்டைப்பெட்டி எடுத்து அடுக்கவும் தொடங்கிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. பெட்டியைக் காலால் உதைத்தேன். மனைவி குசினியிலிருந்து வந்து சிதறிய பழங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

கோபம்தான். நீ செத்து ஒரு வருடம், உன் ஆட்டைத்திவசம் வரப்போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒன்றாகத்தானே ஊரிலிருந்து வெளிக்கிட்டோம். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலைய வாசலில் ஒரே பாணைப் பிய்த்துத் தின்றோம். "இஞ்சத்தை வெயிலிலை ஊர் நினைப்பு விடாது, நான் வடக்கை போறன்" என்றாய். போய் டென்மார்க்கில் சில்கபோர்க் என்ற ஏரிக்கரை ஊரில் குடியேறினாய். அருங்காட்சியகத்தில் தரை துடைக்கும் வேலை. அதன் பிறகு அந்த ஊரையே நீதான் கட்டியவன் போலக் கதைப்பாய். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக ஏரியில் ஓடும் சக்கரக் கப்பல், அது போய்ச் சேரும் 'வானமலை'. ரொசாலியா மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு மொன்தே பெல்லெக்ரினோ மலை ஏறுகிற எனக்கு உன் மலையின் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. "உதென்னடா மலை, நாங்கள் பாதி வழியிலை இளைப்பாறுற இடமே உதைவிட உயரம்" என்றேன். இரண்டு கிழமை நீ போன் எடுக்கவில்லை.

உன் அருங்காட்சியகத்தில் ஒருவன் கிடக்கிறான். சதுப்புச் சேற்றில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழுதாகாமல் இருந்தவன். கழுத்தில் கயிறு, நாடியில் முளைத்த மயிர்கூட அப்படியே. "செத்தவன் மாதிரி இல்லை மச்சான், மத்தியான நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடக்கிறான். துடைக்கேக்கை நான் அவனோடை தமிழிலைதான் கதைக்கிறனான்" என்பாய்.

போன வருடம் தையில் உன் குரல் மெலிந்திருந்தது. தடிமன், சளி என்றாய்.

"நான் வரட்டே? வதிவிட பெர்மெஸ்ஸோ கையிலை கிடக்கு, வேலை வீட்டுச் சிஞ்ஞோராவும் லீவு தருவா."

"இந்தக் குளிரிலை வந்து என்னத்தைப் பாக்கப்போறாய்? கப்பல் வைகாசியிலைதான் ஓடும். அப்ப வா."

ஓமென்றேன். மாசி முழுக்க ஞாயிறுதோறும் படம் அனுப்பினாய். புகை விடும் கப்பல், கரையெல்லாம் பச்சை மரம், மேல்தட்டில் நீ. வியா மக்வேதா தெருவில் நின்று கண்டவனுக்கெல்லாம் காட்டினேன். மாசியில் டென்மார்க்கில் இலை ஏது? ஓடாத கப்பலில் நீ எப்படி ஏறினாய்? எனக்கு உறைக்கவே இல்லை. மாசியில் தோடை பழுக்கிற ஊரில் இருக்கிறவனுக்குப் பச்சை மரம் ஒரு அதிசயமா? அது தெரிந்துதான் பழைய படங்களை அனுப்பினாய்.

பங்குனியில் உன் மனைவி அழைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புற்றுநோய், எட்டு மாதமாக. "தூரத்திலை இருக்கிறவன் கிடந்து துடிப்பான், சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கிப்போட்டார் அண்ணை" என்றாள். எங்கள் சனத்தைப் பிடித்த வியாதி இது. நோயாளி மறைப்பான், வீடும் சேர்ந்து மறைக்கும், தூரத்தில் இருப்பவனுக்குச் செத்தவீட்டுச் செய்தி மட்டும் மிஞ்சும். நான் என்ன சின்னப்பிள்ளையா? துடித்தால் துடித்துவிட்டுப் போகிறேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு துடித்திருப்பேனே.

நான் அனுப்பிய பழத்தை உன்னால் விழுங்க முடியவில்லையாம், தோலை மணந்தபடி கிடந்தாயாம். எனக்கோ 'தேன் மாதிரி' என்று எழுதினாய். கடைசியாக வேலைக்குப் போன அன்று கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்று கதைத்தாயாம். அந்தக் கயிற்றுக்காரனுக்குச் சொல்ல முடிந்தது. எனக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

இப்போது தம்பி கனடாவிலிருந்து வீடியோவில் வந்தாலும், அக்கா ஊரிலிருந்து வந்தாலும், சுகம் கேட்கும் முன் ஒன்று சொல்கிறேன்: "முதல்லை யன்னலைத் திற. வெளியிலை நிக்கிற மரத்தைக் காட்டு." எனக்கு விசர் என்கிறார்கள். இருக்கட்டும். மரத்தைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்க்கிறேன்.